மொத்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது? மாதிரியாக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரி, இரும்புத் தாது, தானியம், சிமென்ட், உரம், ஜல்லி போன்றவை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு எவ்வளவு நகர்கின்றன, எந்த வழியாக நகர்கின்றன என்று கணக்கிடும் மாதிரிகளைப் பற்றியது இந்தப் பக்கம். போக்குவரத்துத் திட்டமிடலுக்குப் புதிதாக வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். கல்லூரிக் கணக்கு கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

மொத்தச் சரக்கை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்? சரக்கு எல்லாம் சரக்குதானே?

பெட்டியில் அடைக்காமல் அப்படியே கொட்டி ஏற்றுகிற சரக்கைத்தான் இங்கே மொத்தச் சரக்கு என்கிறோம். குவியலாகக் கிடக்கும் தாதுவும் தொட்டியில் போகும் எண்ணெயும் இதில் அடக்கம். இவற்றின் எடை மிக அதிகம், டன்னுக்கான மதிப்பு குறைவு. அதனால் வாங்குபவர் கொடுக்கும் விலையில் போக்குவரத்துச் செலவு பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. ஜல்லி இதற்கு நல்ல உதாரணம். கொஞ்ச தூரம் கொண்டுபோனாலே வண்டி வாடகை கல்லின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் ஜல்லி பெரும்பாலும் பக்கத்துக் குவாரியிலிருந்தே வருகிறது.

இன்னொரு முக்கியமான வேறுபாடு, இவை கிளம்பும் இடங்களும் சேரும் இடங்களும் மிகக் குறைவு என்பது. சோப்பும் சட்டையும் ஆயிரக்கணக்கான கடைகளுக்குப் போகின்றன. இரும்புத் தாதுவோ சில சுரங்கங்களிலிருந்து சில ஆலைகளுக்கோ துறைமுகங்களுக்கோ மட்டும் போகிறது. பிரேசிலின் கராஜாஸ் ரயில் பாதை 892 கிலோமீட்டர், தென்னாப்பிரிக்காவின் சிஷென்–சல்டானா பாதை 861 கிலோமீட்டர். இரண்டுமே சுரங்கத்தையும் துறைமுகத்தையும் இணைத்துத் தாதுவை இறக்குவதற்காகப் போடப்பட்டவை. ஒரு சுரங்கத்தில் எடுக்கப்படும் முடிவு அந்தப் பாதையின் போக்குவரத்தை அப்படியே மாற்றிவிடும். இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் கிளம்புகின்றன.

திட்டமிடுபவருக்கு இந்த மாதிரி என்ன சொல்ல வேண்டும்?

எந்த ரயில் பிரிவில் இரண்டாவது பாதை தேவை, எந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுத்தப் புதிய தளம் தேவை, எந்தச் சாலை கனரக லாரிகளால் சீக்கிரம் நொறுங்கும், ஒரு கால்வாயோ பாலமோ மூடப்பட்டால் சரக்கு எந்தப் பக்கம் திரும்பும் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். சாலை விஷயத்தில் மொத்தச் சரக்குக்குக் கூடுதல் கவனம் வேண்டும். தார்ச்சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி. அச்சு எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. அதனால் வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. எது லோடு வண்டி, எது காலி வண்டி என்றும் மாதிரி பிரித்துக் காட்ட வேண்டும்.

பயணிகளுக்குப் பயன்படும் நான்கு படி மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

படிகளை எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு கிளம்புகிறது, எங்கே போகிறது, எதில் போகிறது, எந்த வழியில் போகிறது என்ற நான்கு கேள்விகளும் சரக்குக்கும் உண்டு. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அனுமானங்களை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பயணிகள் மாதிரியில் லட்சக்கணக்கானவர்கள் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள். ஒருவர் வழக்கத்துக்கு மாறாக நடந்தாலும் கூட்டத்தில் அது கரைந்துவிடும், சராசரி நிலைத்து நிற்கும். நிலக்கரியில் முடிவெடுப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு மின்நிலையத்தின் கொள்முதல் அதிகாரி பத்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் ஆண்டுக்குப் பல லட்சம் டன் ஒரே பாதையில் போகும். இங்கே சராசரியை நம்பி இருக்க முடியாது. முதலில் அந்த ஆலைகளையும் சுரங்கங்களையும் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும், சூத்திரம் அதற்கு அப்புறம்.

மண்டலங்களை எப்படிப் பிரிப்பது?

நிர்வாக எல்லைகளை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் வழக்கம், ஏனென்றால் புள்ளிவிவரங்கள் அந்த எல்லைகளின்படியே வெளியாகின்றன. ஆனால் மொத்தச் சரக்குக்கு ஒரு திருத்தம் வேண்டும். பெரிய சுரங்கம், துறைமுகம், உருக்காலை, மின்நிலையம், சுத்திகரிப்பு ஆலை ஒவ்வொன்றையும் தனி மண்டலமாக ஆக்கிவிடுங்கள். ஒரு மாவட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து தாது கிளம்புவதாக வைத்தால், சுரங்கத்தின் சைடிங், அதாவது அதற்கென்று உள்ள கிளை ரயில் பாதை, எந்த முதன்மைப் பாதையில் இணைகிறது என்ற முக்கியமான தகவல் தொலைந்துபோகும். மீதியுள்ள சிதறிய நுகர்வுக்கு மாவட்ட அளவே போதும். மண்டலம் பெரிதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜல்லி, மணல் போன்றவற்றின் ஓட்டம் பெரும்பாலும் மண்டலத்துக்குள்ளேயே முடிந்துவிடும், அதனால் சாலை வரைபடத்தில் அது தெரியவே தெரியாது.

உற்பத்தி, நுகர்வு எண்கள் எங்கிருந்து கிடைக்கும்?

உற்பத்தி எண்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். சுரங்கத் துறையும் வேளாண் துறையும் வெளியிடுகின்றன. நுகர்வைத்தான் பல சமயம் நாமே கட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஆலையின் தொழில்நுட்பம் கைகொடுக்கும்.

1000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் 80 சதவீதச் சுமையில் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட் மின்சாரம் வரும். ஒரு யூனிட்டுக்கு 0.6 கிலோ நிலக்கரி என்று வைத்தால் ஆண்டுக்கு 42 லட்சம் டன். ஒரு ரயில் 4000 டன் ஏற்றும் என்றால் ஆண்டுக்கு 1050 ரயில், அதாவது நாளுக்கு ஏறத்தாழ மூன்று. எந்தக் கணக்கெடுப்பும் இல்லாமல், நிலையத்தின் திறனையும் நிலக்கரியின் வெப்ப மதிப்பையும் வைத்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். வெப்ப மதிப்பு குறைந்த, சாம்பல் அதிகமுள்ள நிலக்கரி என்றால் அந்த 0.6 உயரும், ரயில்களும் கூடும்.

இதே வழியில் ஊதுலை முறையில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 1.4 முதல் 1.6 டன் வரை இரும்புத் தாது, ஒரு டன் கிளிங்கருக்கு (அரைத்தால் சிமென்ட் ஆகும் சுட்ட கட்டி) சுமார் 1.5 டன் சுண்ணாம்புக்கல் என்று கணக்கிடலாம். சிமென்ட் ஆலை சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பக்கத்தில் இருப்பதற்குக் காரணமும் இந்த எண்ணில் இருக்கிறது. எரிக்கும்போது கல்லின் எடையில் கணிசமான பகுதி கரியமில வாயுவாகப் போய்விடும். போகப்போகிற எடையை யாரும் தூரம் சுமக்க மாட்டார்கள். ஆல்ஃப்ரட் வெபர் 1909-இல் தொழிற்சாலைகளின் இருப்பிடம் பற்றி எழுதியபோது வலியுறுத்தியது இதைத்தான்.

எண்கள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு சமநிலைக் கணக்கு போட்டுவிடுங்கள். தொடக்க இருப்பு, உற்பத்தி, இறக்குமதி ஆகியவற்றின் கூட்டுத்தொகை, நுகர்வு, ஏற்றுமதி, இறுதி இருப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். இடிக்கிறது என்றால் மேலே போகாதீர்கள். எண்களில் உள்ள ஓட்டை இங்கேயே தெரிந்துவிட்டால் பிறகு வரும் பல வார உழைப்பு மிச்சம்.

உற்பத்தி–நுகர்வு அணியும் தோற்றம்–சேருமிடம் அணியும் ஒன்றுதானா?

இல்லை. அணி என்றால் இங்கே எங்கிருந்து எங்கே எத்தனை டன் போகிறது என்று காட்டும் அட்டவணை. இந்த இரண்டையும் குழப்பினால் மொத்த டன் கணக்கே கெட்டுவிடும்.

ஒரு டன் நிலக்கரி சுரங்கத்திலிருந்து ரயிலில் ஒரு துறைமுகத்துக்கு வருகிறது. அங்கிருந்து கப்பலில் இன்னொரு துறைமுகம் போகிறது. பிறகு லாரியில் ஆலையைச் சேர்கிறது. உற்பத்தி–நுகர்வு அணியில் இது ஒரே பதிவு: சுரங்கத்திலிருந்து ஆலைக்கு ஒரு டன். தோற்றம்–சேருமிடம் அணியிலோ மூன்று பதிவு, மூன்று டன். ரயில்வே, துறைமுகம், சாலைக் கணக்கெடுப்பு மூன்றும் தனித்தனியாக வெளியிடும் எண்களைக் கூட்டினால் பண்டம் மூன்று மடங்கு இருப்பதுபோலத் தோன்றும்.

பொருளாதாரத்தோடு தொடர்புள்ளது முதல் அணி. ஆலை மூடப்பட்டால் மாறுவது அதுதான். பாதைகளில் ஏற்றிப் பார்க்க வேண்டியது இரண்டாவது. நல்ல மாதிரி முதலாவதை வைத்துத் தொடங்கி, எந்தச் சங்கிலி வழியாகப் பொருள் போகும் என்று தீர்மானித்து, அதிலிருந்து இரண்டாவதைப் பெறும். நார்வேயிலும் ஸ்வீடனிலும் தேசிய சரக்கு மாதிரிகளை இந்த அடிப்படையில்தான் அமைத்தார்கள். மண்டல அளவு எண்களை நிறுவன அளவுக்கு உடைத்து, ஒரு தடவையில் அனுப்பும் அளவையும் போக்குவரத்துச் சங்கிலியையும் அங்கே தேர்ந்தெடுத்து, மறுபடி மண்டல அளவுக்குத் தொகுக்கிறார்கள்.

எங்கிருந்து எங்கே என்பதைக் கண்டுபிடிக்க ஈர்ப்பு மாதிரி நல்லதா, நேரியல் நிரலாக்கம் நல்லதா?

ஈர்ப்பு மாதிரி, அளவு பெரிதாகவும் செலவு குறைவாகவும் உள்ள இடங்களுக்கு இடையே அதிகச் சரக்கு போகும் என்று வைக்கும். நேரியல் நிரலாக்கம், மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் பகிர்வைத் தேடும். அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் ஒரு சிறிய கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

இரண்டு சுரங்கங்கள்: வடக்கு 60 லட்சம் டன் தருகிறது, தெற்கு 40 லட்சம் டன். மூன்று ஆலைகள்: முதல் ஆலைக்கு 50 லட்சம், இரண்டாவதுக்கு 30 லட்சம், மூன்றாவதுக்கு 20 லட்சம் டன் தேவை. வடக்கிலிருந்து ஒரு டன் கொண்டுபோக ஆகும் செலவு முறையே 4, 6, 9. தெற்கிலிருந்து 5, 3, 7. பண அலகு எதுவாகவும் இருக்கட்டும்.

மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று நேரியல் நிரலாக்கத்தைக் கேட்டால், வடக்கு முதல் ஆலைக்கு 50 லட்சமும் மூன்றாவதுக்கு 10 லட்சமும் அனுப்பும். தெற்கு இரண்டாவதுக்கு 30 லட்சமும் மூன்றாவதுக்கு 10 லட்சமும் அனுப்பும். மொத்தச் செலவு 450 லட்சம். ஆறு பாதைகளில் நான்கில் மட்டுமே சரக்கு ஓடும். வணிகக் கணிதத்தில் போக்குவரத்துக் கணக்கு என்று படித்து, வடமேற்கு மூலை முறையில் தொடங்கித் தீர்த்திருப்பீர்களே, அதே கணக்குதான் இது. அதன் வேரே ரயில் சரக்கில் இருக்கிறது. 1930-இல் டால்ஸ்டாய் என்ற சோவியத் ஆய்வாளர் உப்பு, சிமென்ட் போன்ற சரக்குகளை 10 இடங்களிலிருந்து 68 இடங்களுக்கு ரயிலில் அனுப்பும் சிக்கலை இப்படி அணுகினார். அமெரிக்கக் கணிதவியலாளர் ஹிட்ச்காக் 1941-இல் இதற்குக் கணித வடிவம் தந்தார். இரண்டாம் உலகப் போரில் கப்பல் ஒதுக்கீட்டில் வேலைபார்த்த கூப்மன்ஸும், சோவியத் யூனியனின் காண்டரோவிச்சும் 1975-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதே எண்களை ஈர்ப்பு மாதிரியில் போடுவோம். செலவு ஏற ஏற ஓட்டம் அடுக்குக்குறி வேகத்தில் குறையும், செலவின் கெழு 0.5 என்று வைத்துக்கொள்ளலாம். நிரை, நிரல் மொத்தங்கள் ஒத்துவரும் வரை திரும்பத் திரும்பச் சரிசெய்தால் வடக்கிலிருந்து சுமார் 40, 10.5, 9.5 லட்சம், தெற்கிலிருந்து 10, 19.5, 10.5 லட்சம் என்று வரும். ஆறு பாதைகளிலும் சரக்கு. மொத்தச் செலவு சுமார் 490 லட்சம், அதாவது 9 சதவீதம் அதிகம்.

வடக்கிலிருந்து இரண்டாம் ஆலைக்கான பாதையைப் பாருங்கள். ஒன்று அங்கே பூஜ்யம் என்கிறது, மற்றது 10.5 லட்சம் டன் என்கிறது. அங்கே புதுப் பாதை போடலாமா என்பதுதான் கேள்வி என்றால், இரண்டு மாதிரிகளும் நேர் எதிரான பதிலைத் தருகின்றன.

ஈர்ப்பு மாதிரியின் குறை, இல்லாத ஓட்டங்களை எல்லா இடத்திலும் தூவிவிடுவது. நேரியல் நிரலாக்கத்தின் குறை வேறு. அந்தப் பாதையின் செலவு 6-இலிருந்து 5.1 வரை குறைந்தாலும் அதில் ஒரு டன்கூடப் போகாது. 4.9 ஆனவுடன் 10 லட்சம் டன் மொத்தமாக அதற்குத் தாவிவிடும். செலவு எண்களில் அந்த அளவு பிழை எப்போதும் இருக்கும் என்பதால், இந்தத் தாவலை அப்படியே நம்பி முதலீடு செய்வது ஆபத்து.

அப்படியானால் எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

இவை இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள். ஈர்ப்பு மாதிரியில் செலவின் கெழுவை உயர்த்திக்கொண்டே போனால் விடை நேரியல் நிரலாக்கத்தின் விடையை நெருங்கும். 1967-இல் ஆலன் வில்சன் ஈர்ப்பு மாதிரியை என்ட்ரோபி உச்சமாக்கலிலிருந்து வருவித்துக் காட்டிய பிறகு இந்தத் தொடர்பைப் புரிந்துகொள்வது எளிதாகிவிட்டது. நமக்குத் தெரிந்த மொத்தங்களுக்கும் செலவுக்கும் உட்பட்டு, மிக அதிக வழிகளில் நிகழக்கூடிய பரவலே ஈர்ப்பு மாதிரியின் விடை. ஆகவே கெழுவைப் பண்டத்துக்குப் பண்டம் தனியாக அளவிடுங்கள். தாது, நிலக்கரி ஆகியவற்றுக்கு உயர்ந்த கெழு பொருந்தும். பலவகைத் தயாரிப்புப் பொருள்களுக்குத் தாழ்ந்த கெழு.

ஆனால் கெழுவை மட்டும் திருகுவது போதாது என்பதே என் கருத்து. செலவின்படி போகக் கூடாத பாதையில் சரக்கு போகிறது என்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். கோக் தயாரிக்க உதவும் நிலக்கரியும் கொதிகலனில் எரிக்கும் நிலக்கரியும் ஒரே தலைப்பில் பதிவாகியிருக்கலாம். இரண்டையும் பிரித்தால், எதிரெதிர்த் திசையில் நிலக்கரி போகும் புதிர் பாதி தீர்ந்துவிடும். அடுத்து, நீண்டகால ஒப்பந்தங்கள். தெரிந்த ஒப்பந்தங்களை அணியில் நிலையாக எழுதிவிட்டு மீதியை மட்டும் மாதிரியிடம் விடுங்கள். உரிமைத் தொடர்பையும் பார்க்க வேண்டும். தன் சொந்தச் சுரங்கம் தூரத்தில் இருந்தாலும் ஆலை அங்கிருந்துதான் எடுக்கும். இப்படிக் காரணம் தெரிந்தவற்றை எடுத்துவிட்டு மிஞ்சும் சிதறலுக்கு ஈர்ப்பு மாதிரி நன்றாகப் பொருந்தும்.

உள்ளீடு–வெளியீட்டு அட்டவணை எங்கே வருகிறது?

எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் அட்டவணை இது. எஃகு உற்பத்தி உயர்ந்தால் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல், மின்சாரம் எல்லாவற்றின் தேவையும் எவ்வளவு உயரும் என்று பார்க்க உதவும். லியோன்டிஃபும் ஸ்ட்ரவுட்டும் 1963-இல் இதை ஈர்ப்பு மாதிரியோடு சேர்த்துப் பல பகுதிகளுக்கு விரித்தார்கள். அட்டவணை பணத்தில் இருக்கும், நமக்கு டன் வேண்டும். அந்த மாற்றம் மொத்தச் சரக்கில் மிகவும் வழுக்கும், ஏனென்றால் டன்னுக்கான மதிப்பு சந்தை விலையோடு ஆண்டுக்கு ஆண்டு ஆடும். பெரிய ஆலைகளுக்கு நேரடித் தொழில்நுட்பக் கணக்கு, சிதறிய துறைகளுக்கு அட்டவணை என்று பிரித்துக்கொள்வது நல்லது.

தானியத்துக்கு விலையை வைத்துக் கணக்கிடலாமா?

கணக்கிடலாம், பல சமயம் அதுவே சிறந்தது. இரண்டு பகுதிகளுக்கு இடையே சரக்கு ஓடினால் விலை வித்தியாசம் போக்குவரத்துச் செலவுக்குச் சமமாக இருக்கும். வித்தியாசம் அதைவிடக் குறைவு என்றால் ஓட்டம் இருக்காது. சாமுவெல்சன் 1952-இல் வடித்த இந்தச் சமநிலைக் கருத்து, வாங்குபவரும் விற்பவரும் பலராக இருக்கும் சந்தைக்குப் பொருந்தும். அரசே கொள்முதல் செய்து அரசே பகிர்ந்தளிக்கும் இடத்தில் விலை ஓட்டத்தை நடத்துவதில்லை, ஒதுக்கீட்டு உத்தரவுதான் நடத்துகிறது. அங்கே அந்த ஒதுக்கீட்டைத்தான் மாதிரியில் எழுத வேண்டும்.

ரயிலா, லாரியா, கப்பலா என்பதை எப்படித் தீர்மானிப்பது?

ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பைக் கணக்கிடும் நிகழ்தகவுத் தேர்வு மாதிரிகளுக்குப் போவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்: இரண்டு முனைகளிலும் சைடிங்கோ படகுத்துறையோ இருக்கிறதா, ஆண்டு அளவு ஒரு முழு ரயிலை அடிக்கடி நிரப்பப் போதுமா, ஏற்றி இறக்கும் கருவி எது. ஆண்டுக்கு 42 லட்சம் டன் எரிக்கும் மின்நிலையம் சுரங்கத்திலிருந்து தொலைவில் இருந்தால் அங்கே ரயிலா லாரியா என்ற கேள்வியே எழாது. ஆண்டுக்கு 20,000 டன் வாங்கும் சிறு ஆலையிலும் எழாது. தேர்வு மாதிரிக்கு உண்மையான வேலை இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவே.

அந்த நடுப்பகுதியில் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் ரயில் எப்போதும் ஜெயித்துவிடும். ஆனால் ஒரே தடவையில் 4000 டன் வந்து இறங்கினால் அதை வைக்க இடம் வேண்டும், அதில் முடங்கும் பணத்துக்கு வட்டி உண்டு, வரத்து தாமதமானால் ஆலை நிற்காதிருக்கக் காப்பு இருப்பும் வேண்டும். பாமோலும் வினோத்தும் 1970-இல் இந்த இருப்புச் செலவையும் சேர்த்தே போக்குவரத்து முறையின் தேர்வைக் கணக்கிட்டார்கள். பாதி தூரம் லாரி, மீதி ரயில் என்றால் இடையில் மாற்றி ஏற்றும் செலவும் சேரும். குறைந்த தூரத்தில் அந்த ஒரு செலவே ரயிலின் அனுகூலத்தை விழுங்கிவிடும்.

வலையமைப்பில் எதை மறந்தால் மாதிரி தவறும்?

இடமாற்றப் புள்ளிகளை. பாதைகளை எல்லோரும் வரைந்துவிடுகிறார்கள். ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்துக்கும் தனி இணைப்பு, தனிச் செலவு, தனிக் கொள்ளளவு தேவை.

2022-இல் கருங்கடல் துறைமுகங்கள் போரால் முடங்கியபோது உக்ரைன் தானியம் ரயிலிலும் தன்யூப் ஆற்றிலும் மேற்கே திரும்பியது. வரைபடத்தில் ரயில் பாதைகள் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் உக்ரைனின் ரயில் பாதை அகலம் 1520 மில்லிமீட்டர், மேற்கு அண்டை நாடுகளில் பெரும்பாலும் 1435 மில்லிமீட்டர். எல்லையில் சரக்கை மாற்றவோ வண்டியின் சக்கரத் தொகுதியை மாற்றவோ வேண்டியிருந்தது. அந்த எல்லை நிலையங்களின் நாள் திறன்தான் ரயில் ஏற்றுமதியின் உச்சவரம்பை நிர்ணயித்தது. அகல மாற்றத்தைச் செலவில்லாத புள்ளியாக வைத்த மாதிரி இங்கே முழுக்கத் தவறான பதிலைத் தந்திருக்கும்.

நீர்வழியில் கொள்ளளவு பருவத்தோடு மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 இலையுதிர்காலத்தில் ரைன் நதியில் கௌப் என்ற இடத்தின் நீர்மட்ட அளவி 30 சென்டிமீட்டருக்கும் கீழே காட்டியது. படகுகள் தங்கள் திறனில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றிக்கொண்டு ஓடின. அதே டன்னுக்குப் பல மடங்கு படகுகள் தேவைப்பட்டன.

டன்னை ரயில்களாகவும் லாரிகளாகவும் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலி வண்டிகளைத்தான். பெட்டிச் சரக்கில் திரும்பும் வழியில் ஏதாவது லோடு கிடைக்கலாம். நிலக்கரி வேகனிலும் சிமென்ட் டேங்கரிலும் அநேகமாக எதுவும் கிடைக்காது, போனவை எல்லாம் காலியாகத்தான் திரும்பும். முன்பு பார்த்த மின்நிலையத்துக்கு நாளுக்கு மூன்று லோடு ரயில் என்றால் பாதையில் ஆறு ரயில் ஓடும். ஒற்றைப் பாதையில் காலி ரயிலும் லோடு ரயிலுக்குச் சமமான இடத்தைப் பிடிக்கும்.

அடுத்தது பருவம். ஆண்டு மொத்தத்தை 365-ஆல் வகுத்தால் தானியத்துக்கும் உரத்துக்கும் வரும் விடை எந்த மாதத்துக்கும் பொருந்தாது. திட்டமிட வேண்டியது உச்ச மாதத்துக்கு.

நேரடிக் கணக்கெடுப்புத் தரவு இருந்தால் மாதிரியே தேவையில்லையே?

மிக நல்ல கணக்கெடுப்பிலும் ஓட்டை உண்டு. அமெரிக்காவின் பண்ட ஓட்டக் கணக்கெடுப்பு 1993-இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, அனுப்பும் நிறுவனங்களையே கேட்டு எடுக்கிறார்கள். அதிலும் பண்ணைகளிலிருந்து கிளம்பும் விளைபொருள், கச்சா எண்ணெய் எடுப்பு, இறக்குமதி ஆகியவை நேரடியாக வருவதில்லை. மொத்தச் சரக்கில் எவ்வளவு பெரிய பங்கு இது என்று பாருங்கள். வேறு தரவுகளையும் மாதிரிகளையும் கொண்டு இந்த இடைவெளியை நிரப்பி, 42 பண்ட வகைகளில் தேசிய அளவில் முழு அணியாக வெளியிடுகிறார்கள். கணக்கெடுப்பு இருக்கும் இடத்திலும் மாதிரிக்கு வேலை இருக்கிறது.

ரயில் தரவு பொதுவாகத் துல்லியமாக இருக்கும், ஒவ்வொரு ரேக்குக்கும் (ஒரு முழுச் சரக்கு ரயிலுக்கும்) ரசீது உண்டு. துறைமுகத் தரவும் அப்படியே. லாரித் தரவுதான் எப்போதும் பலவீனம். மொத்த உற்பத்தியிலிருந்து ரயிலையும் கப்பலையும் கழித்துப் பார்க்கும் பழைய வழி இன்னும் பயனுள்ளதே, சமநிலைக் கணக்கு ஒழுங்காக இருக்கும் வரை.

மாதிரி சரியா என்று எப்படிச் சோதிப்பது?

மாதிரியின் கெழுக்களை அமைக்கப் பயன்படுத்தாத எண்களோடு ஒப்பிடுங்கள். ஓர் ஆற்றுப் பாலம், மலைக்கணவாய், எல்லைச் சாவடி போன்ற குறுகலான இடங்களில் கடக்கும் டன்னைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆலைப் பட்டியலையும் செலவுகளையும் போட்டு, அன்றைய ஓட்டங்கள் வருகின்றனவா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில் இந்தப் பின்னோக்கிய சோதனைதான் மிக அதிகம் கற்றுத்தருகிறது. அப்புறம், சராசரி தூரத்தைப் பண்டவாரியாக ஒப்பிடுங்கள். ஜல்லி 400 கிலோமீட்டர் போவதாக மாதிரி சொன்னால் மற்ற எண்கள் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் எங்கோ ஒரு பிழை இருக்கிறது.

இருபது ஆண்டுக்கு முன்கணிப்பு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் போக்குக் கோட்டை நீட்டி அல்ல. அமெரிக்காவின் பிளாக் மெசா குழாய்ப்பாதை 1970 முதல் நிலக்கரித் தூளை நீரில் கலந்து சுமார் 440 கிலோமீட்டர் தள்ளி மொஹாவி மின்நிலையத்துக்கு அனுப்பியது. 2005 கடைசியில் அந்த மின்நிலையம் மூடப்பட்டது, குழாயும் நின்றது. 2004 வரையிலான தரவை வைத்து எந்தக் கோடு வரைந்தாலும் அதற்கு அடுத்த எண் பூஜ்யமாக வந்திருக்காது.

ஆகவே முன்கணிப்பை ஆலைப் பட்டியலாகச் செய்யுங்கள். எந்தச் சுரங்கம் எந்த ஆண்டு தீரும், எந்த மின்நிலையம் ஓய்வுபெறும், எங்கே புதியது வரும் என்று ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு மூன்று சூழல்களாக ஓட்டிப் பாருங்கள். சரக்கே போக்குவரத்தை விட்டு விலகும் வாய்ப்பையும் அதில் சேர்க்க வேண்டும். சுரங்க வாயிலிலேயே மின்நிலையம் கட்டி மின்கம்பியில் அனுப்பினால் ரயிலுக்கு வேலையில்லை. எல்லாச் சூழல்களிலும் நிரம்பும் பிரிவுக்கு முதலில் பணம் போடலாம். ஒரே ஒரு ஆலையை நம்பியிருக்கும் பிரிவுக்கு, அந்த ஆலையிடமிருந்து குறைந்தபட்சச் சரக்குக்கான உறுதி வாங்காமல் போடக் கூடாது.

தனி ஆளாகத் தொடங்க என்ன மென்பொருள் வேண்டும்?

விரிதாள் போதும். எக்செலில் உள்ள சால்வர் மேலே சொன்ன இரண்டு சுரங்கக் கணக்கை நொடியில் தீர்க்கும், ஈர்ப்பு மாதிரிக்கான நிரை–நிரல் சரிசெய்தலும் அதிலேயே செய்யலாம். அளவு பெரிதானால் பைத்தான் நிரல்மொழிக்கும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்கும் போகலாம், இரண்டும் இலவசம். ஒரே ஒரு பண்டத்தை எடுங்கள், ஆலைகள் குறைவாக உள்ள ஒன்றாக இருந்தால் நல்லது. சமநிலைக் கணக்கு, செலவு அணி, நேரியல் நிரலாக்க விடை, உண்மை ஓட்டம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்கெல்லாம் விடையும் உண்மையும் விலகுகின்றனவோ அந்த ஆலையையோ சுரங்கத்தையோ தொலைபேசியில் அழைத்து ஏன் என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். அந்தப் பதிலை அணியில் ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.